லிஃப்ட்டுக்குள் ஓர் ஆழ்கடல் பயணம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ்களைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. தண்ணீர் என்றாலே பயம். கடற்கரைக்குப் போனால் கணுக்கால் நனைந்ததும் திரும்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஆழ்கடல் ஆராய்ச்சி பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படிப்பாள். ஆராய்ச்சி நீர்மூழ்கியின் ஜன்னல் கண்ணாடியே இல்லை, கெட்டியான அக்ரிலிக் என்று எதிலோ வாசித்ததில் பிடித்த கிறுக்கு அது.

வீட்டில் கேட்கத்தான் ஆளில்லை. கணவன் ‘ம்’ கொட்டிக்கொண்டே தூங்கிவிடுவான். அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருந்த நாத்தனாரோ, “அண்ணி இன்னும் கரையேறலையா?” என்று அண்ணனிடம் விசாரித்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் மதியம் அண்ணியும் நாத்தனாரும் திரைச்சீலைத் துணி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் குலுங்கி நின்றது. விளக்கும் போய்விட்டது. மணியை அழுத்தியதும் கீழேயிருந்து காவலாளி குரல் கொடுத்தார்: மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. அடைத்த இடம் என்றால் அவளுக்கு ஆகாது என்பது அன்றுதான் தெரிந்தது. அண்ணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்லித் தேற்றுவதென்று அண்ணிக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

“இங்க நாம ரெண்டு பேர்தான். அதுல மூணு பேர் முட்டிக்கு முட்டி இடிச்சுக்கிட்டு நாள் பூரா உக்காந்திருப்பாங்க.”

“எதுல?”

ஓர் உலோக உருண்டையில், என்று ஆரம்பித்தாள். கப்பலிலிருந்து அதை இறக்குவது, ஜன்னலுக்கு வெளியே நீலம் கறுத்துக்கொண்டே போவது, இருட்டில் பொட்டுப்பொட்டாக உயிர்கள் மின்னுவது, மேலிருந்து வெள்ளைத் துகள்கள் ஓயாமல் உதிர்வது என்று சொல்லிக்கொண்டே போனாள். பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது.

“நாள் பூரான்னா... பாத்ரூம்?”

“அதெல்லாம் கிடையாது. ஒரு பாட்டில்தான். அதுக்குப் பயந்தே காலையில காபிகூட குடிக்க மாட்டாங்களாம்.”

நாத்தனார் சிரித்த சிரிப்பை அழுகை என்று நினைத்துக் காவலாளி பதறிப்போனார். விளக்கு வந்து, மெக்கானிக் கதவைத் திறந்தபோது நீர்மூழ்கி அடித்தரையை நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே வரச் சொல்லி அவர் கையை நீட்டினார்.

“கொஞ்சம் இருங்க, அண்ணி கீழ போய்ச் சேரட்டும்,” என்றாள் நாத்தனார்.

மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் மாடிப்படியில் உட்கார்ந்துதான் நாத்தனார் மிச்சத்தைக் கேட்டு முடித்தாள்.

அதற்குப் பிறகு எங்காவது ஆராய்ச்சிக் கப்பல் கடலடியை நேரலையில் காட்டினால் இருவரும் ஒரே ஃபோனுக்குமேல் கவிழ்ந்துகொள்வார்கள். போன வாரம் ஏதோ ஒன்று இறகுபோல் ஆடிக்கொண்டு போனது. மீன் என்றாள் நாத்தனார். புழு என்றாள் அண்ணி. தனக்கும் தெரியாது என்று நேரலையில் பேசிய விஞ்ஞானி சொன்னபோது இருவருக்கும் பரம திருப்தி. டீ கேட்டு வந்த கணவனையும் பக்கத்தில் பிடித்து உட்காரவைத்துக்கொண்டார்கள்.