அப்பாவின் தொட்டியில் யாரோடு யார்

எங்கள் அப்பாவின் முதலாண்டு நினைவு நாளில் அவர் படத்துக்குப் பூப்போட வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். இப்படிப்பட்ட நினைவு மலரில் மறைந்தவரின் நல்ல குணங்களை எழுதுவார்கள், இருப்பவர்களுக்கு நன்றி சொல்வார்கள், அத்தோடு முடித்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சித்தப்பா, அதாவது அப்பாவின் ஒரே தம்பி, சில நாட்களுக்கு முன் போனில் ஒன்று கேட்டுக்கொண்டார். "பாப்பா, அண்ணனுக்கு நான் வாஸ்து மீன் வாங்கி வுட்டத மறக்காம எழுதும்மா. நாலு பேருக்குத் தெரியணுமில்ல." பெரியவர் வாய்விட்டுக் கேட்டதைத் தட்டக்கூடாது. மறக்காமல் எழுதுகிறேன். ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

அப்பா இண்டூரில், மழையை நம்பிக் கேழ்வரகும் கடலையும் போட்ட ஒரு வீட்டில் பிறந்தார். அவருடைய அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பள்ளிப் படிப்போடு நின்றுகொண்டு, தம்பியை மேலே படிக்க வைத்தார். இதை அப்பா தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. சித்தப்பாவும் சொன்னதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் அப்பா மேனேஜராகச் சேர்ந்தார், கடைசிவரை அங்கேயே இருந்தார். சாவி, ஜெனரேட்டர், தண்ணீர் லாரி எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் ஊர் அவரை மதித்தது பந்திக்காக. யார் பக்கத்தில் யாருக்கு இலை போடலாம், யாருக்குப் போடக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியை ஒரே வரிசையில் உட்கார வைப்பார், ஆனால் நடுவில் காது கேட்காத ஒரு பெரியவரை உட்கார வைத்துவிடுவார். அவர் இருந்தவரை அந்த மண்டபத்தில் சாம்பார் வாளி யார் மேலும் பறந்ததில்லை.

மீன் வளர்ப்பும் அந்த மண்டபத்தில்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. முதலாளி அழகுக்காக வாசலில் ஐந்தடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, கடைக்காரர் கொடுத்த மீன்களையெல்லாம் கொட்டினார். அந்த முகூர்த்த சீசன் முடிவதற்குள் பாதி மீனுக்கு வால் இல்லை, மீதி மிதந்தது. பெண் வீட்டார் ஒருவர் அபசகுனம் என்று முகம் சுளிக்க, தொட்டியைத் தூக்கிப் போடச் சொன்னார் முதலாளி. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் ஹாலில் வடகிழக்கு மூலைதான் காலியாக இருந்தது. அங்கே வைத்தோம். ஈசானிய மூலை என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. இடம் இருந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு அப்பா தென் அமெரிக்க ஆறுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒகேனக்கல்லுக்குப் போவதற்கே வேலை இருக்கிறது என்று தட்டிக்கழிக்கிற மனிதர், அமேசானில் எந்தக் கிளை ஆற்றில் தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் ஓடும் என்று சொல்வார். நான் போனில் படித்துச் சொல்வேன், அவர் கேட்டுவிட்டுத் தொட்டியைப் பார்ப்பார். அந்த ஆறுகளின் சிக்லிட் மீன்கள்தான் அவருக்குப் பிடித்தவை. அவற்றுக்கு முகம் பார்க்கத் தெரியும், ஜோடி சேர்ந்து குஞ்சு காக்கத் தெரியும், கோபமும் வரும். பந்தி பார்த்த ஆளுக்கு வேறென்ன வேண்டும்?

அவர் மீன் தேர்ந்தெடுத்த விதத்தை இங்கே எழுதிவைக்க வேண்டும். முதலில் வாயைப் பார்ப்பார். "வாய்க்குள்ள போற சைஸ்ல இருந்தா அது சொந்தக்காரன் இல்லம்மா, சோறு" என்பார். ஏஞ்சல் மீன் பார்க்கப் பரமசாது, ஆனாலும் வளர்ந்த ஏஞ்சல் முன்னால் குச்சி போன்ற நியான் டெட்ராவை விட்டால் காலையில் எண்ணிக்கை குறைந்திருக்கும் என்று, உடல் தடித்த டெட்ராக்களைத்தான் கூட்டமாக விடுவார். ஏஞ்சலைப் பெரிதாக வாங்க மாட்டார். நகத்தளவில் ஒரு கூட்டமாக வாங்கி, ஒன்றாக வளரவிட்டு, ஜோடி சேர்ந்து மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை விரட்ட ஆரம்பித்ததும் கேட்கிறவர்களுக்கு மீதியைக் கொடுத்துவிடுவார். நடுத் தண்ணீருக்குச் செவரம் என்கிற சிக்லிட், உள்ளங்கை அகலம், பெரிய உடம்பு, பெரிய மனசு. செடியை மட்டும் மேய்ந்துவிடும், அதனால் மரக்கட்டையில் ஒட்டி வளரும் கெட்டி இலைச் செடிகளைத்தான் வைத்தார். அடியில் பொலிவியன் ராம். அது மணலை வாயில் அள்ளிச் சலித்துச் சாப்பிடும் என்பதால், கடையில் தருகிற கலர் கூழாங்கல்லை எடுத்துவிட்டு மெல்லிய மணல் போட்டார். வெட்கப்படுகிற கீஹோல் மீன் ஜோடிக்கு ஒளிந்துகொள்ள மண்சட்டித் துண்டு வைத்தார்.

எங்கள் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைத் தடம் விடுகிற ஜாதி. அந்தக் கெட்டித் தண்ணீர் அமேசான் மீனுக்கு ஆகாது என்று மழைநீரைப் பிடித்துக் கலப்பார். ஆப்பிரிக்க ஏரி சிக்லிட்டுகளின் நிறத்தைப் பார்த்து நான் ஆசைப்பட்டபோது ஒத்துக்கொள்ளவில்லை. அவை கெட்டித் தண்ணீர் கேட்கும், குணமும் வேறு. ஆஸ்கர் மீனையும் சேர்க்கவில்லை. "அது கெட்டதில்லம்மா. ஒரு அடி வளரும், பசிக்கும், எதுர்ல இருக்கறத முழுங்கும். அதும்மேல தப்பு சொல்ல முடியாது" என்றார். புது மீன் விடுவதாக இருந்தால் முதலில் கல்லையும் கட்டையையும் இடம் மாற்றி வைப்பார். பழைய மீன்களுக்கும் வீடு புதிதாகிவிடும், இது என் இடம் என்று எவரும் மல்லுக்கு நிற்க மாட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் புதியவரை விடுவார். தீனியை இரண்டு ஓரத்திலும் ஒரே நேரத்தில் போடுவார். வருஷக்கணக்காக அந்தத் தொட்டியில் ஒரு செதில் உதிர்ந்து நான் பார்த்ததில்லை.

இனி சித்தப்பா கேட்டுக்கொண்ட பகுதி.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மாவும் நானும் கூடவே இருந்தோம். வீட்டுச் சாவி சித்தப்பாவிடம். மீனுக்குத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட வேண்டும், வேறு எதையும் தொட வேண்டாம் என்று நான் போனில் சொன்னேன். "நான் பாத்துக்கறேன் பாப்பா, நீ அண்ணனப் பாரு" என்றார்.

சித்தப்பா படித்தவர். அதனால் ஒரு வாஸ்து ஜோசியரைப் பார்த்தார். அண்ணனுக்குக் கண்டம் இருக்கிறது, ஈசானிய மூலையில் தலை புடைத்த சிவப்பு மீன் விட்டால் கண்டத்தை அது வாங்கிக்கொள்ளும் என்றாராம் ஜோசியர். மூலையில் தொட்டி தயாராக இருந்தது, சித்தப்பாவின் கையில் சாவி இருந்தது. நன்றாக வளர்ந்த ஃப்ளவர்ஹார்ன் ஒன்றை வாங்கி வந்தார். அது எந்த ஆற்றிலும் பிறந்த மீன் அல்ல, சண்டைக்கார மீன்களாகப் பார்த்து மனிதர்கள் கலந்து உண்டாக்கியது. தன் நிழலோடும் மோதும். தனியாகத்தான் வைக்க வேண்டும்.

கடைக்காரரே கேட்டிருக்கிறார், வீட்டுத் தொட்டியில் வேறு மீன் இருக்கிறதா என்று. அதைப் பிறகு சித்தப்பாவே பெருமையாகச் சொன்னார். "எங்க அண்ணன்கிட்டயும் சிக்லிட்டுதாங்கன்னேன். இதும் சிக்லிட்டுதான். எல்லாம் ஒரே எனம், பங்காளிங்க மாதிரி. அதுங்களுக்குள்ள அனுசரிச்சுக்கும்னு எனக்குத் தெரியாதா?" பங்காளிகள் அனுசரித்துப் போவார்கள் என்று இண்டூரில் பிறந்த ஒருவர் நம்பியதை என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

இரண்டு மூன்று நாளில் தொட்டி காலி. செவரம் ஜோடி கடைசிவரை எதிர்த்து நின்றதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஒவ்வொன்று மிதக்கும்போதும் சித்தப்பா வருத்தப்படவில்லை. போன் போட்டு அம்மாவிடம், "அண்ணி, இன்னிக்கும் அஞ்சாறு போயிருச்சுங்க. நல்ல சகுனம்" என்றார். அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த நாள். வாசலில் சித்தப்பாவே ஆரத்தித் தட்டோடு நின்றார். "அண்ணா, ஒங்க கண்டத்த எல்லா மீனுங்களும் வாங்கிட்டுப் போயிருச்சுங்க. இனி ஒங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார். அப்பா தட்டைத் தாண்டித் தொட்டியைப் பார்த்தார். கண்ணாடியோடு முகத்தை அழுத்திக்கொண்டு அந்த ஒற்றைச் சிவப்பு மீன் அவரைப் பார்த்தது.

"செவரம்?" என்று கேட்டார். நெற்றியில் ஆரத்திப் பொட்டோடு உள்ளே போய், தொட்டிக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மீனை ஏரியில் கொண்டுபோய் விடப்போகிறேன் என்று வாளியை எடுத்தேன். அப்பா திரும்பிப் படுத்தார்.

"ஏரில வுட்டா ஏரியவே காலி பண்ணிரும். அதுக்குத் தனியா ஒரு மூணடித் தொட்டி வாங்கிட்டு வா."

"இதுக்குப் போயா? எல்லாத்தையும் கொன்னுபோட்டிருச்சுப்பா."

"அது கொணம் அது. சேத்து வச்சவன் யாரு? அவனத்தான் கேக்கணும்." போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "அவனையும் கேக்காத. தெரியாம செஞ்சுட்டான். வுடு" என்றார்.

தனித்தொட்டி வந்தது. அப்பா நடக்க முடிந்த நாட்களில் தன் கையாலேயே அதற்குத் தீனி போட்டார். பெரிய தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, அதே மூலையில் வெறுமையாக வைத்திருந்தார். அடுத்த மழைக்குத் தண்ணீர் பிடித்து மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார். மழைக்கு முன்னால் போய்விட்டார்.

மீன்கள் செத்ததால்தான் அப்பா இறந்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் இதயம் பலவீனமாக இருந்தது, டாக்டர் எங்களிடம் ஒளிக்கவில்லை. நான் சொல்வது இதுதான்: அவருக்கு மீதமிருந்த நாட்களில் பார்ப்பதற்கு ஒன்று இருந்தது. அதைப் பறித்துவிட்டு, பறித்ததற்கு ஆரத்தித் தட்டும் ஏந்தினார்கள். அதோடு விட்டிருந்தால் நானும் அப்பா சொன்னபடி விட்டிருப்பேன். கருமாதி அன்று பந்தலில், இதே உறவினர்கள் காதுபட, சித்தப்பா சொன்னார்: "இன்னும் நாலு மீன் சேத்து வச்சிருந்தா, அண்ணன் இன்னும் நாலு வருசம் இருந்திருப்பாரு. பத்தல." பலர் தலையாட்டினீர்கள். அப்பா கட்டிக் காத்த மீன் குடும்பத்தைப் பத்தாது என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அவர் படத்துக்குப் பின்னால் அந்தத் தொட்டி காலியாக நின்றது. அன்றைக்கு முடிவு செய்தேன், வருஷம் திரும்புவதற்குள் அந்தத் தொட்டியில் மீன் ஓட வேண்டும், நடந்தது அச்சில் வர வேண்டும் என்று.

உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்பா வளர்த்த ஏஞ்சல் குஞ்சுகளை ஒருகாலத்தில் வாங்கிப் போன தொப்பூர் ஓட்டல்காரர், அவற்றின் வாரிசுகளை டிபன் கேரியரில் கொண்டுவந்து கொடுத்தார். லாரி ஓட்டுநர்கள் புரோட்டாவுக்குக் காத்திருக்கும்போது பார்க்கிற தொட்டியிலிருந்து வந்தவை அவை. அப்பா முன்பு கொடுத்த செவரம் ஜோடியின் குஞ்சுகளை மண்டப முதலாளி வீட்டிலிருந்து அனுப்பினார்கள். மழைநீர் பிடிக்க மாடிக் குழாயைத் திருப்பிக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிற அம்மாவுக்கும் நன்றி. இன்று ஹாலில் நீங்கள் பார்த்தது அப்பாவின் தொட்டிதான். பொலிவியன் ராம் மட்டும் புதிது. சண்டை இல்லை.

கடைசியாகச் சித்திக்கு நன்றி. நடந்தது முழுவதையும் போன வாரம்தான் அவர் என்னிடம் உட்கார்ந்து கேட்டார். "நீ கொண்டாந்து வையி பாப்பா. சாவி நான் தரேன்" என்றார். இன்று காலை சித்தப்பா இங்கே படையலுக்கு முன்னால் கைகூப்பி நிற்கிற நேரத்தில், மினி வேனில் அந்த மூன்றடித் தொட்டியும் ஃப்ளவர்ஹார்னும் அவர் வீட்டு ஹாலில் இறங்கியிருக்கும். ஈசானிய மூலை எது என்று திசை பார்த்துத்தான் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பா, அப்பா உங்களை மன்னித்துவிட்டார். அது அவருடைய சொந்த விஷயம், வாரிசு என்று எனக்கு அது வரவில்லை. மீன் ஆரோக்கியமாக இருக்கிறது, இன்னும் பல வருஷம் இருக்கும். நீங்கள் வாங்கியது, இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் தீனி. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள், கடிக்கும்.