கேரவனில் நான்கு வட்டங்கள்

சேரன்மகாதேவியில் எங்கள் தெருவில் ஒரு கேப்டன் இருக்கிறார். அவர் எந்தக் கப்பலையும் ஓட்டியதில்லை. இதைச் சொன்னால் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவரே சொல்லிப் பார்த்துவிட்டார்.

பெயர் ஹாஜா. எனக்கு மாமா முறை. பதினெட்டு வருடம் துபாயில் இருந்தார். பணக்காரர்கள் உல்லாசமாகப் போய்வரும் ஃபைபர் படகுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அங்கே அவர் வேலை. பெண் பார்க்க வந்தபோது, கடல்பக்கம் ஒரு கம்பெனி என்றுதான் சொன்னார். தரகர் அதைக் கப்பல் கம்பெனி ஆக்கினார். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையை ஆபீசர் ஆக்கினார். பிறகு, வெள்ளைச் சட்டையோடு ஒரு படகின் சுக்கானைப் பிடித்தபடி மாமா நிற்கும் போட்டோ ஊருக்கு வந்தது. தெரு அவரைக் கேப்டன் ஆக்கிவிட்டது. சுக்கானைத் துடைத்து முடித்த கையோடு எடுத்த போட்டோ அது. மாமா எந்த இடத்திலும் பொய் சொல்லவில்லை. திருத்தவும் இல்லை.

திருத்த முடியாமல் போனதற்குக் காரணம் அவர் மனைவி ஆசியா மாமி. மாமிக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை, சொந்த மாமன் மகன் ரசீத். அப்போது ஷார்ஜாவில் கார் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிறவனைக் கட்டமாட்டேன் என்று மாமி ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். ரசீத் ஊருக்குத் திரும்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் வாட்டர் வாஷ் கடை போட்டார். மாமியை எங்கே பார்த்தாலும் ஆபீசர் மச்சான் சுகமா என்று கேட்பார். மாமி நிமிர்ந்து, சுகம் என்பார். ஹாஜா மாமா ஊரோடு வந்து இரண்டு வருடமாகிறது. உண்மை தெரிந்தால் மாமியின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த பயம்.

மற்றபடி சமாளித்துவந்தார். பள்ளிக்கூட விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். நடுக்கடலில் புயல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். மாமா சற்று யோசித்து, புயலைவிட உப்புதான் மோசம், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும் என்றார். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்.

போன தை மாதம் கேரவன் வந்தது. மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற சிவசண்முகம் அண்ணாச்சி, மனைவி சித்ரலேகாவுடன் காசிவரைக்கும் போய்வர அதைச் சென்னையில் விலைக்குப் பிடித்திருந்தார். சினிமா ஷூட்டிங்குக்குப் பதினைந்து வருடம் ஓடிய வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் சரியாக இருந்தன. வெளியேதான் அதன் ஃபைபர் உடம்பு வெயிலில் வெளுத்து, தொட்டால் மாவு உதிர்ந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரே காலி மனையில் நிறுத்தினார்கள். அந்த வாரம் யார் யார் வண்டியில் சாய்ந்து நின்றார்கள் என்பதை அவரவர் முதுகே சொல்லியது.

அண்ணாச்சி ரசீதைக் கூப்பிட்டார். ரசீத் தேங்காய் எண்ணெயில் டீசலைக் கலந்து வண்டி முழுக்கப் பூசினார். இரண்டு நாள் புது வண்டிபோல மின்னியது. மூன்றாம் நாள் பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் இறங்கியது. பறந்துவந்த பதரும் தூசியும் எண்ணெயில் ஒட்டி, காசிக்குப் போக வேண்டிய வண்டிக்கு உடம்பெல்லாம் ரோமம் முளைத்தது.

ஹாஜா மாமாவால் இதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் விடியற்காலைத் தொழுகை முடிந்து வரும்போது வண்டியருகே நின்றார். ஜிப்பாப் பையிலிருந்து ஒரு துணியையும் சின்ன டப்பாவையும் எடுத்தார். சோற்றுத் தட்டு அளவுக்கு ஓர் இடத்தைத் துடைத்து, பைய வட்டமாகத் தேய்த்துவிட்டுப் போனார். அந்த இடம் கண்ணாடியாகிவிட்டது. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வட்டத்தோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. நான்கு நாளில் நான்கு வட்டங்கள் வந்துவிட்டன. சித்ரலேகா அம்மா அதில் ஏதோ தெய்வக் குறிப்பைப் பார்த்தார். ரசீத் வந்து பார்த்தார். தன் எண்ணெய் உள்ளே இறங்கி வேலை செய்கிறது, அங்கங்கே முதலில் விளைந்திருக்கிறது என்று அண்ணாச்சியிடம் சொன்னார். மீதியை மெஷின் வைத்து ஒரே நாளில் முடித்துத் தருவதாகவும் சொன்னார். வட்டங்களைக் கண்ணால் பார்த்த அண்ணாச்சி சம்மதித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ரசீத், கையில் பிடித்துத் தேய்க்கும் கிரைண்டரோடு வந்தார். அதன் முனையில் மரம் இழைக்கிற முரட்டு உப்புத்தாள் சுற்றியிருந்தது. அன்றைக்குத்தான் சித்ரலேகா அம்மா தெருப் பெண்களை வண்டிக்குள் பார்க்க அழைத்திருந்தார். ஆசியா மாமி வண்டியின் படியில் நின்றிருந்தார். ஹாஜா மாமா கூட்டத்தின் பின்னால், கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, கேப்டனாக நின்றிருந்தார்.

ஃபைபருக்கு மேலே தாள் கனத்தில் ஒரு பூச்சு உண்டு. வெயிலில் அதன் மேல்தோல் மட்டும் செத்து மாவாகும். அடியில் நல்ல தோல் இருக்கும். செத்ததை மட்டும் எடுக்க வேண்டும். கிரைண்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ரசீத் அதை வைத்ததும் பொசுங்கின வாடையோடு வெண்புகை எழுந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு போய், ஃபைபர் நார் நாராகத் தெரிந்தது.

"நிறுத்துலே."

மாமா அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. ரசீத் நிறுத்தினார்.

"என்ன மச்சான், கப்பல் ஓட்டுதவுகளுக்கு இந்த வேலையப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டார்.

மாமா படியைப் பார்த்தார். மாமி அங்கேயேதான் நின்றார்.

"நான் கப்பல் ஓட்டல. தொடச்சேன். பதினெட்டு வருசமும் தொடச்சேன்."

அண்ணாச்சி நெகிழ்ந்துபோனார். பெரிய ஆட்கள் இப்படித்தான் தங்களைத் தாழ்த்திப் பேசுவார்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். மாமா இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை கூட்டத்தில் இரண்டு பேருக்குக் கண் கலங்கியது. நிறைகுடம் என்றார் ஒருவர். மாமா ஜிப்பாவைக் கழற்றி என் தம்பியிடம் கொடுத்தார். சோப்புத் தண்ணீரும் வாட்டர் பேப்பர் என்கிற நைசான உப்புத்தாளும் கேட்டு வாங்கினார். எண்ணெயைக் கழுவி, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்து, டப்பாவிலிருந்த பசையைத் தொட்டுத் துணியைச் சுழற்றினார். அரை மணி நேரத்தில் ஒரு ஜன்னல் அளவுக்குத் தெருவின் முகங்கள் வண்டியில் தெரிந்தன.

ரசீத் மட்டும் வண்டியைப் பார்க்கவில்லை, மாமாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஷார்ஜாவில் பத்து வருடம் துடைத்தவருக்கு அந்தக் கையைத் தெரியாதா? மெதுவாகச் சிரித்துக்கொண்டே படிப் பக்கம் திரும்பினார்.

"ஆசியா, மச்சான் நெசமாத்தான் சொல்லுதாவ. தொடைக்கவன் வேண்டாம்னு அன்னைக்குச் சொன்னியே."

மாமா கையை நிறுத்திவிட்டார். தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

மாமி இறங்கி வந்தார். தேய்த்த இடத்தில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். பிறகு கிரைண்டர் தின்ற இடத்தையும் ரசீதையும் பார்த்தார்.

"தொடைக்கவன் வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன் மச்சான்? தொடைக்கத் தெரியாதவன் வேண்டாம்னுதான் சொன்னேன்."

ரசீத் கிரைண்டர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து மூன்று நாள் மாமி வீட்டில் மாமாவோடு பேசவில்லை. வெளியில் நிறையப் பேசினார். அங்கே ராஜாக்களின் கப்பலை வேறொருவரையும் தொட விடமாட்டார்களாம், கேப்டனே தன் கையால்தான் துடைப்பாராம். மாமா கேரவன் முழுவதையும் தேய்த்து, கடைசியாக மெழுகும் பூசி முடித்துவிட்டு நான்காம் நாள் சாப்பிட உட்கார்ந்தார். மாமி மீன் குழம்பை ஊற்றினார்.

"நெசத்தச் சொல்லுங்க. அங்கன ஒங்களவிட நல்லாத் தொடைக்கவன் யாரும் இருந்தானா?"

மாமாவுக்கு இனி மறைப்பதற்கு மனமில்லை. பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் இருந்தான் என்றார்.

மாமி இன்னொரு மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

"அவனப் பத்தி வெளிய யார்ட்டயும் சொல்லிக்கிட்டிருக்காதீங்க" என்றார்.