ஆண் அருவியின் கரடி மணி

ஆண் அருவி என்று நாங்கள் சொல்லும் அருவியின் பக்கம் இருக்கிற கரடி மணியை மட்டும் பனிக்காலத்திலும் நான் கழற்றுவதில்லை. ஊரில் சோம்பல் என்கிறார்கள். சோம்பல்தான். ஆனால் காரணம் அது இல்லை. இது என் காதால் கேட்டது, கண்ணால் கண்டது. என் மனைவி கினுயோ மட்டும் நம்பவில்லை. "பேய் கிடக்கட்டும். கொக்குப் படம் போட்ட என் புதுத் துண்டு எங்க?" என்றுதான் கேட்டாள்.

மாகோமேயிலிருந்து எங்கள் ட்சுமாகோவுக்கு வரும் பழைய மலைப்பாதையில், அங்கங்கே கம்பம் நட்டு மணி தொங்கவிட்டிருப்போம். நடப்பவர்கள் அடித்துக்கொண்டே போனால் கரடி ஒதுங்கிவிடும். பனிக்காலத்தில் கரடிக்கும் தூக்கம், பயணிகளும் குறைவு. மணிகளைக் கழற்றி வருவது ஊர்ச் சங்கத்தின் வேலை. சங்கம் என்றால் நான்தான். மற்றவர்களுக்கெல்லாம் அன்றைக்குப் பார்த்து முதுகுவலி.

பைக்குள் கிடந்து மணிகள் கத்தாமலிருக்க, மதியமே கினுயோவின் துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டேன். கழற்றக் கழற்ற ஒவ்வொன்றின் நாக்கையும் கட்டினேன். கடைசி, ஆண் அருவி. அதற்கு இரட்டை முடிச்சு. என் முட்டிக்கு வாயிருந்தால் அழுதிருக்கும். நவம்பர் கடைசி... இருட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்ச தூரம் இறங்கியிருப்பேன்.

டிங்...

பின்னால். அருவிப் பக்கம்.

அங்கேதான் மணியே இல்லையே? யாரோ பையில் சின்ன மணி கட்டிக்கொண்டு பிந்தி வருகிறார்கள் போல. அந்தக் குளிரில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போனால் காலையில் விறைத்துக் கிடப்பார். முட்டியைத் திட்டிக்கொண்டே திரும்ப ஏறினேன்.

"யாருங்க? இந்தப் பக்கம் வாங்க!"

வெறும் கம்பம். அருவி இரைச்சல்.

டிங்...

மிக அருகில்.

என் முதுகில்.

பைக்குள்.

பையை அங்கேயே போட்டேன். முட்டி எப்படி ஓடியது என்று முட்டிக்கே தெரியாது.

மறுநாள் காலை, சங்கத்து ஹிதெகாஸு என்கூட வந்தான். "பேயா, சாக்கேயா? மொரியோ, எத்தனை கோப்பை உள்ள போச்சு?" என்று என்னை வழிநெடுகச் சீண்டினான். பை போட்ட இடத்திலேயே கிடந்தது. உள்ளே மணிகள் கட்டியது கட்டியபடி. அருவி மணியின் நாக்கில் மட்டும் துணி இல்லை.

"உன் முடிச்சு லட்சணம் அப்படி" என்று சிரித்தபடி, அருவிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"யோவ்... கீழ ஆளு கிடக்கான்யா."

தனியாக நடக்க வந்தவராம். வழுக்கி விழுந்து, இறந்து நான்கு நாளாகிறது என்றார் மருத்துவர். மூடியிருந்த கையை மெல்லப் பிரித்தார்கள். உள்ளே ஒரு துணிக் கிழிசல்.

கொக்குப் படம்.

முந்தின நாள் மதியம்தான் நான் அதைக் கிழித்தேன்.