நேர்கோட்டிலிருந்து விலகிய புள்ளி

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் எட்டுக்கு நான் கணிதம் கற்பிக்கிறேன். போன மழைக்காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டில், மண்மேட்டை ஒட்டிய பின்சுவரில் ஒரு வெடிப்பு விழுந்தது. எனக்கு அதன்மேல் முதல் நாளிலிருந்தே சந்தேகம். தினமும் காலையில் அடிமட்டத்தால் அதன் அகலத்தை அளந்து அட்டவணையில் எழுதி, வரைபுத்தாளில் புள்ளி வைத்தேன். நாளுக்கு நாள் ஒரே அளவுதான் கூடியது. புள்ளிகள் நேர்கோட்டில் நின்றன.

“பழைய லயம்னா அப்படித்தான்” என்றார் கணவர்.

ஒரு ஞாயிறு காலை, புள்ளி கோட்டுக்கு வெகு மேலே போய் நின்றது. அடிமட்டத்தைச் சந்தேகித்தேன், என் கண்ணையும் சந்தேகித்தேன். மதியம் மறுபடி அளந்தபோது இன்னும் மேலே போயிருந்தது. வெடிப்பு வேகம் பிடித்துவிட்டது.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவிடம் வரைபைக் காட்டி, உடனே வெளியேறிவிடலாம் என்றேன்.

“ஒரு கோட்ட நம்பி, புள்ளைங்கள தூக்கிக்கிட்டு மழையில எங்க போறது டீச்சர்?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் நாங்கள் கோயில் மண்டபத்துக்குக் கிளம்பியபோது பிள்ளைகளோடு பின்னாலேயே வந்தார்.

அன்று மாலையே மேட்டு மண் சரிந்து, எங்கள் இரண்டு வீட்டுப் பின்சுவர்களும் அடுப்படிக்குள் விழுந்தன.

“நம்பாமலே ஏன்க்கா வந்தீங்க?” என்று பிறகு கேட்டேன்.

“ஒங்க கோடு எனக்கு வெளங்கல டீச்சர். தாள காட்டுறப்ப ஒங்க கை நடுங்குச்சு. அது வெளங்குச்சு.”

இப்போதெல்லாம் கடைசிப் புள்ளியையும் வைத்துப் பார்க்காமல் ‘நேர்கோடு’ என்று சொல்ல, வகுப்பில் நான் யாரையும் விடுவதில்லை.