புல்லில் ஒட்டிய புள்ளிகள்

மூன்று தரம் கழுவியும் அந்தக் கண்ணாடிச் சாடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் புள்ளிகள் போகவில்லை. கடுகில் கால்வாசிகூட இருக்காது ஒவ்வொன்றும். நகத்தால் சுரண்டினேன், பாதிதான் வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளாக இருந்தேன். நாலாம் வகுப்போடு நின்றவன். டாக்டர் கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டேன்.

சாடி மேசைக்கு வந்தது ஓர் எருமையால். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகும் ஓர் அம்மாவுக்கு அது ஒன்றுதான் சொத்து. அதன் பாலில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஈரலில் தட்டைப்புழு விழுந்து, தாடை வீங்கி, எலும்பும் தோலுமாக ஓட்டி வந்தார். மருந்து கொடுத்தோம், தேறியது. சில மாதத்தில் மறுபடியும் வீக்கம். வாய்க்கால் ஓரம் மேய விடக்கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் பத்துப் பேர் பார்க்க, "பொய் சொல்லாதே, மேய விட்டிருக்கே" என்று சத்தம் போட்டுக்கொண்டே மறுபடியும் மருந்து கொடுத்தார்.

"மேய உடவே இல்லீங்க சாமி. கட்டுத்தறியிலதான் நிக்குது. நானே புல்லறுத்து, சேறு போக வாய்க்கால்ல அலசித்தானுங்க போடறேன். எம்பட எருமையக் கொல்ல நானே பொய் சொல்லுவனா?"

அந்தக் கேள்வி டாக்டரை விடவில்லை. தட்டைப்புழுவின் குஞ்சுகள் நத்தைக்குள்தான் வளரும் என்பதால், வாய்க்கால் நத்தைகளைப் பிடித்துச் சாடியில் விட்டார். அவற்றிலிருந்து வால் முளைத்த தூசி போலக் குஞ்சுப் புழுக்கள் வெளிவந்தன. பச்சைப் புல், வைக்கோல், துணிக்கிழிசல் மூன்றையும் உள்ளே நிறுத்திவிட்டு, சாப்பாட்டையும் மறந்து பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். அவர் எழுந்து போகும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்ப்பேன். புழுக்கள் ஒன்றைத் தொடும், விலகும், இன்னொன்றைத் தொடும். "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி அலையுதேய்யா!" என்று சிரித்தார். கடைசியில் பெரும்பாலும் பச்சைப் புல்லில், தண்ணீருக்குள் இருந்த பாகத்தில்தான் உட்கார்ந்தன. உட்கார்ந்ததும் வாலை உதறிவிட்டு, உருண்டு, புள்ளியாயின. அந்தப் புள்ளியைப் புல்லோடு தின்றால் எருமையின் ஈரலில் அது புழுவாகும். சில கண்ணாடியிலும் ஒட்டின. அவற்றைத்தான் நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். கழுவினால் போகாது என்றால், அந்த அம்மா அலசிய புல்லில் மட்டும் எப்படிப் போயிருக்கும்?

இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. தவறாக இருந்தால் சிரிப்பாரே என்ற கூச்சம். "கழுவினா போகலீங்க" என்று ஒருவழியாகச் சொன்னேன். அவர் புல்லை எடுத்துத் தண்ணீரில் அலசினார், தேய்த்தார், உற்றுப் பார்த்தார். அந்த அம்மா வீட்டுக்குப் போகச் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"நீங்க சொன்னது உண்மைதாம்மா. நான்தான் தப்பா பேசிட்டேன்" என்றார் அந்த அம்மாவிடம். அன்று 'நீ' போய் 'நீங்க' வந்ததைக் கவனித்தேன். கண்ணில்லாத அந்தப் புழு பச்சைப் புல்லாகத் தேடி ஒட்டுவதையும், ஒட்டினால் கழுவியும் போகாததையும் சொன்னார்.

"அது கெடக்குதுங்க. கழுவியும் போகாதுன்னா எருமைக்கு என்னத்தப் போடறது?"

"தண்ணிக்கு ஒரு சாண் மேலே அறுங்க."

"மேல நிக்கறதே ரெண்டு சாண். அதுல ஒண்ண உட்டுப்போட்டா அரை வகுறுதானுங்க அதுக்கு. மீதிப் புல்லு நீங்க அறுத்துத் தாரீங்களா?"

டாக்டர் கட்டுத்தறியில் கிடந்த புல்லைச் சாணால் அளந்து பார்த்தார். அந்த அம்மா அடுத்ததைக் கேட்டார்: "ஏனுங்க, கண்ணில்லாத பூச்சி பச்சைய எப்படிக் கண்டுபுடிக்குது?"

"தெரியலம்மா." படித்த மனிதர் ஒருவர் அந்தச் சொல்லை அவ்வளவு ஆசையோடு சொல்லி நான் கேட்டதில்லை.

"செரி, தெரியறவரைக்கும் நான் மேட்டாங்காட்டுக்கே போய்க்கறேன்" என்று அரிவாளை எடுத்தார். வாய்க்கால் தண்ணீர் எட்டாத அந்த மேட்டு நிலத்தில் புல் அறுத்து வர ஒரு மணி நேரம் கூடுதலாக நடக்க வேண்டும். அடுத்த மழைக்காலம் வந்து போனது. தாடை வீங்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அவர் கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரியாது. அந்த எருமைக்கு அது தேவைப்படவும் இல்லை.