நுனி மாறிய இலை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கந்தவேலின் வெல்ல மண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. அந்த மண்டியைத் தாங்கி நின்றது பின்கட்டில் எரிந்த அடுப்பு என்பது மட்டும் கந்தவேலுக்குத் தெரியாது. தன் பேச்சுச் சாமர்த்தியத்துக்குத்தான் வண்டிகள் தேடி வருகின்றன என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நம்பிவிட்டுப் போகட்டும்.

அடுப்படியில் இருந்தவள் பூவாத்தாள். ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். முப்பது வயதில் புருஷனைப் பறிகொடுத்து, கையில் ஒரு பெண் குழந்தையோடு, தூரத்து உறவான கந்தவேலின் மண்டிக்குச் சமைக்க வந்தவள். வெல்லம் ஏற்றிவரும் குடியானவர்களுக்கு ஒரு வேளைச் சோறு போடுவது அந்தக் கடைவீதி மண்டிகளின் வழக்கம். முதலில் கை நனைப்பார்கள், பிறகுதான் வெல்லச் சிப்பங்களை இறக்குவார்கள். சோறு தின்னாமல் ஒருவர் எழுந்தால் அந்த மண்டியோடு உறவு முறிந்தது என்று அர்த்தம்.

யாருக்குக் கிருத்திகை விரதம், யாருக்குப் புளி ஆகாது, யாருக்குப் பல் போய்விட்டதால் சோறு குழைய வேண்டும் என்பதெல்லாம் பூவாத்தாளுக்கு மனப்பாடம். ஒருவரும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. எச்சில் இலையில் எது மிஞ்சிக் கிடக்கிறது என்று பார்த்தே தெரிந்துகொண்டாள். ஆனால் வியாபார நேரத்தில் அவள் முன்வாசலுக்கு வரக் கூடாது. வண்டிகளுக்கு எதிரே தாலி அறுத்தவள் வந்தால் ஆகாதாம். அவள் கையால் வயிறு நிறையத் தின்னலாம், வாசலில் அவள் முகத்தில் மட்டும் விழிக்கக் கூடாது. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மோகனூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பச்சமுத்துதான் மண்டிக்குப் பெரிய கை. அவர் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் அந்த ஊரின் மற்ற ஆறு வண்டிகளும் நிற்கும். அதிகம் பேசமாட்டார். சாப்பிட்டு எழுந்ததும் அடுக்களை நிலைப்படியோரம் வந்து, உள்ளே பார்க்காமல், "வாரேன் அம்மிணி" என்று ஒரு வார்த்தை சொல்வார். எட்டு வருஷமாக அது தவறியதில்லை.

அந்த வருஷம் மாசி மாதத்தில் தவறியது. இலையில் உட்கார்ந்தவர் தண்ணீர் தெளிக்கக் குனிந்தார், அப்படியே எழுந்துவிட்டார். பூவாத்தாள் சோற்றுப் பானையோடு வருவதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். வாரேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. எதிரே புதிதாக வந்திருந்த மண்டியில் ஏழு வண்டிகளும் சரக்கை இறக்கின. எடை போடுகிற சடையன் வெற்று இலையைச் சுருட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டான்.

கந்தவேலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யுத்த காலம். வெல்லம் வருவதே குதிரைக்கொம்பாக இருந்தது. யோசித்து யோசித்து, குற்றம் சடையனின் தராசில்தான் என்று முடிவு கட்டினார். புதுத் தராசு வாங்கி மாட்டினார். பங்குனியில் மோகனூர் வண்டிகள் தன் வாசலில் நிற்காவிட்டால் சடையன் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியது, அடுப்படியையும் மூடிவிட வேண்டியது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பதினெட்டு வருஷம் தராசு பிடித்த சடையன் அன்று கிணற்றடியில் உட்கார்ந்து அழுததைப் பூவாத்தாள் பார்த்தாள். தனக்கும் மகளுக்கும் இந்தப் பின்கட்டை விட்டால் போக்கிடம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

பங்குனியில் வண்டிகள் வந்தன. இரண்டு மண்டிகளுக்கும் நடுவே, தெருவிலேயே நின்றன. பச்சமுத்து நுகத்தடியில் கையை ஊன்றிக்கொண்டு எந்தப் பக்கமும் பார்க்காமல் நின்றார். கந்தவேல் ஓடிப் போய்க் கும்பிட்டார், தராசைக் காட்டினார், விலையைக் கூட்டினார். எதிர் மண்டிக்காரர் வெற்றிலைத் தட்டோடு படியிறங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் வண்டியோட்டி ஒருவன் மாட்டுக்குத் தண்ணீர் கேட்டுப் பின்வாசலுக்கு வந்தான். உங்கள் பெரியவருக்கு எங்கள் மேல் என்ன கோபம் என்று பூவாத்தாள் கேட்டாள். கோபமெல்லாம் இல்லை என்றான் அவன். பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போன மகன் ஆண்டியிடமிருந்து ஒரு வருஷமாகக் கடிதாசி இல்லை. அந்த ஊர் ஜப்பான்காரன் கையில் விழுந்ததிலிருந்தே தகவல் இல்லை. இருந்தாலும் மனிதர் தைரியமாகத்தான் இருந்தாராம். போன முறை இங்கிருந்து திரும்பியது முதல்தான் மகன் பேரை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுகிறாராம்.

பூவாத்தாளுக்கு அப்போதுதான் விளங்கியது. மாசியில் வண்டிகள் வந்த அன்று அவள் புருஷனுக்குத் திதி. விடியுமுன் தன் அறையில் அவனுக்கு இலை போட்டாள். உயிரோடு இருப்பவருக்கு இலையின் நுனி இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். செத்தவருக்கு மாற்றிப் போடுவார்கள். அதே கையோடு வந்து பச்சமுத்துவுக்கும் மாற்றிப் போட்டிருக்கிறாள். பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத தகப்பனுக்கு முன்னால் எழவு இலை.

சொன்னால் கந்தவேல் அவளை அன்றைக்கே வெளியே தள்ளுவார். சொல்லாவிட்டால் சடையன் போவான். அதைவிட, அந்த மனிதர் அந்த இலையைச் சுமந்துகொண்டே திரும்பிப் போவார். இதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்கட்டைத் தாண்டினாள். சடையன் தடுக்கக் கை நீட்டினான். அவள் அதற்குள் படியிறங்கி வண்டிகளுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"அன்னிக்கு எலைய மாத்திப் போட்டது நாந்தானுங்க" என்றாள். "அன்னிக்கு எங்க ஊட்டுக்காரருக்குத் திதிங்க. அவருக்குப் போட்ட கை, உங்களுக்கும் அப்படியே போட்டுருச்சுங்க. அந்த எலைக்கு உண்டான ஆளு பத்து வருசத்துக்கு மிந்தியே போயிட்டாருங்க. அது வேற யாருக்கும் போட்டதில்லீங்க."

பச்சமுத்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"வண்டி நிக்கோணும்னு சொல்றயா அம்மிணி, இல்ல நெசமாத்தான் சொல்றயா?"

"வண்டி போனாப் போகட்டுமுங்க. அந்த எலைய நீங்க தூக்கீட்டுப் போக வேண்டாமுங்க."

அவர் நுகத்தடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "உங்க ஊட்டுக்காரரு பேரென்ன?" என்று கேட்டார்.

கேட்கக் கூடாத கேள்வி. எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொல்வதில்லை. செத்த பிறகும் சொல்வதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததே கிடையாது. பேரைச் சொல்லாமல் நழுவினால் பொய் என்று அவர் நினைப்பார்.

"குமாரசாமிங்க" என்றாள். சொன்னதும் தேம்பிவிட்டாள்.

பச்சமுத்து துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார். வண்டியோட்டிகளைப் பார்த்து, "மாட்டை அவுருங்க" என்றார். கந்தவேலின் முற்றத்தைக் கை காட்டினார்.

பூவாத்தாள் இலை போட்டாள். நுனி இடது பக்கம்தானா என்று மூன்று தரம் பார்த்தாள். பச்சமுத்து உட்கார்ந்தார். ஆனால் கையை நனைக்கவில்லை.

"பக்கத்துல இன்னொரு எலை போடு அம்மிணி. எம் பையனுக்கு."

நிலைப்படியில் நின்ற கந்தவேல் போடு போடு என்று கண்ணால் ஜாடை காட்டினார். ஏழு வண்டிச் சரக்கு இன்னும் இறங்கவில்லை. பூவாத்தாள் இலைக்கட்டைத் தொடவில்லை.

"மாட்டேனுங்க" என்றாள். "ஆளில்லாத எலையுந்தான் செத்தவங்களுக்குப் போடறதுங்க. அவரு வர்ற அன்னிக்கு, உங்களுக்கு மிந்தி அவருக்குப் போடறேனுங்க."

பச்சமுத்து பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தார். பிறகு சோற்றில் கை வைத்தார். குனிந்த தலை நிமிராமல் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார்.

மாலைக்குள் சரக்கு முழுவதும் இறங்கியது. எல்லாம் புதுத் தராசின் மகிமை என்று கந்தவேல் சடையனின் முதுகில் தட்டிக் கொடுத்தார். சாகும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மற்ற வண்டிகள் முன்னால் போய்விட்டன. பச்சமுத்து மட்டும் திரும்பி அடுக்களை நிலைப்படிக்கு வந்தார். வழக்கம்போல உள்ளே பார்க்கவில்லை.

"வாரோம் அம்மிணி" என்றார்.

வாரேன் என்றல்ல, வாரோம் என்று கேட்டதும் பூவாத்தாள் நிமிர்ந்து எட்டிப் பார்த்தாள். அவரோடு வேறு யாரும் இல்லை. "வாங்க" என்றாள்.