விலை போகாத பூசணி

தபீதாள் அக்கா கை கழுவிய பிறகு விரல்களை ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். பதினைந்து வருடமாகக் கவனிக்கிறேன். கழிவுநீர் நிலையத்தில் வேலை செய்யும் அவர் கணவர், சாக்கடைக் கசடைச் சுத்திகரித்துக் காயவைத்த உரத்தை மூட்டையாகக் கொண்டுவருவார். தாம்பரத்தில் எங்கள் தெருவில் அக்காவின் தோட்டம்போல் எதுவும் காய்த்ததில்லை.

1968-ல், எங்கள் சர்ச்சின் அறுப்புப் பண்டிகை ஏலத்துக்கு முதன்முதலாக அக்கா ஒரு பூசணியைக் கொடுத்தார். சபையார் போட்டி போட்டு அதை எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஏலம் ஏறிக்கொண்டிருந்தபோது சபையாரில் ஒருவரான வில்பிரட் சார் கேட்டார்:

"இவ்ளோ பெருசா இருக்கே, என்ன உரம்க்கா போட்டீங்க?"

சர்ச்சுக்குள் பொய் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை.

"டிரெய்னேஜ் உரம் சார். நல்லா காயவெச்சது, வாடையே வராது."

"அப்போ சாம்பாருக்குப் பெருங்காயம் மிச்சம்!" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் ஒருவரும் விலை கேட்கவில்லை. அடுத்து வந்த கத்தரிக்காய்க்கு அடிதடி; அது சாணி உரத்தில் விளைந்தது. நானாவது கேட்டிருக்கலாம்.

அக்கா பூசணியை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தார்.

இப்போது 1978. அதே உரத்தைத்தான் போடுகிறார். காய்களை அவர் வீட்டார் மட்டும் சாப்பிடுகிறார்கள். ஏலத்துக்கு எதுவும் கொடுப்பதில்லை.